மோட்டார் ஒண்ணும் ஹீட்டர் இல்லீங்க சாமி!

லோடு ஃப்ளோ போடுற நம்ம ஆளுங்க மேல எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருந்ததை இன்னிக்குக் கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் காரமா இருக்கும். நடுவுல கணக்கும் வரும். கணக்குன்னாலே அலர்ஜி உள்ள மக்கள் அந்தப் பாராவை மட்டும் தாண்டிக் குதிச்சுப் போயிடலாம், தப்பில்லை :-)

லோடு ஃப்ளோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. துணைமின் நிலையத்துல இருந்து கடைசிக் கம்பம் வரைக்கும் எந்த இடத்துல எவ்வளவு ஓல்டேஜ், எந்தக் கம்பியில எவ்வளவு கரண்ட், எவ்வளவு இழப்புன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்குற கணக்கு. 1967-ல டின்னி, ஹார்ட்னு ரெண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் நியூட்டன் முறையை இதுக்குள்ள அழகாக் கொண்டுவந்தாங்க. அன்னிலேருந்து கணக்கோட இன்ஜின் பிரமாதமா ஓடுது. இன்ஜின்ல குறை இல்லை. அதுக்குள்ள ஊத்துற டீசல்தான் பிரச்சினை.

அந்த டீசல்தான் லோடு. ஒவ்வொரு இடத்துலயும் இவ்வளவு கிலோவாட், இவ்வளவு கேவிஏஆர்னு ரெண்டு நம்பர் கொடுக்கணும். அந்த இடத்துல இருக்குறது பல்பா, ஹீட்டரா, மோட்டாரான்னு கணக்குக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும். நம்மாளு என்ன செய்யறார்? "மோட்டாரா? 10 எச்.பி.யா? சரி, 7.46 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.8, அடுத்தது என்ன?" முடிஞ்சுது. காபி குடிக்கக் கிளம்பிட்டார்.

முதல் தப்பு அங்கேயே ஆரம்பிச்சாச்சு. நேம்பிளேட்ல இருக்குற 10 எச்.பி., அதாவது 7.46 கிலோவாட், மோட்டார் தண்டுல வெளிய வர்ற சக்தி. கம்பியில இருந்து உள்ள போற சக்தி இல்லை. திறன் 85 சதவீதம்னு வெச்சுக்கிட்டா உள்ள போறது 8.78 கிலோவாட். ஒரு மோட்டாருக்கு 1.3 கிலோவாட்டுக்கு மேல காணாமப் போச்சு. ஒரு ஃபீடர்ல 100 மோட்டார் இருந்தா 130 கிலோவாட். இதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம், நேம்பிளேட்டைத் தமிழ்ல படிச்சா போதும். அதுவும் அந்த நேம்பிளேட் உண்மையா இருந்தா. மூணு தடவை ரீவைண்டிங் ஆன மோட்டாருக்கு நேம்பிளேட் ஒரு நினைவுச்சின்னம் மாதிரி, அவ்வளவுதான். இணைப்பு 5 எச்.பி.க்கு வாங்கிட்டு கிணத்துல 7.5 ஓடுற கதை ஊருக்கே தெரியும். கணக்குப் போடுறவருக்கு மட்டும்தான் தெரியாது.

சரி, அதை விடுங்க. அது வெறும் கவனக்குறைவு. என் உண்மையான சண்டை அடுத்ததோட.

ஓல்டேஜ் குறைஞ்சா லோடு என்ன செய்யும்? ஹீட்டரா இருந்தா கரண்ட் குறையும், எடுக்குற சக்தி ஓல்டேஜோட வர்க்கத்துல குறையும். பழைய குண்டு பல்பும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான், மங்கலா எரிஞ்சு லைனுக்கு இரக்கம் காட்டும். மோட்டாருக்கு இரக்கமே கிடையாது. அதுக்குப் பின்னாடி தண்ணி இருக்கு. அந்தத் தண்ணியை மேல தூக்கியாகணும். ஓல்டேஜ் குறைஞ்சா ஸ்லிப்பைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டு, கரண்டை அதிகமா இழுத்து, அதே வேலையைச் செஞ்சு முடிக்கும்.

இதை மாடல்ல சொல்ல மூணு சுலப வழி வெச்சிருக்காங்க. மாறா மின்மறுப்பு (ஹீட்டர் மாதிரி), மாறா கரண்ட், மாறா பவர். மூணையும் கலந்து இசட்-ஐ-பி, செல்லமா ஜிப் மாடல். நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா இருக்காங்க. ஒரு கட்சி எல்லாத்துக்கும் மாறா பவர் போடும். இன்னொரு கட்சி, கணக்கு முடிவுக்கு வரலைன்னதும் எல்லாத்தையும் மாறா மின்மறுப்புன்னு மாத்திட்டு "ஓடிடுச்சு சார்"னு சிரிக்கும். மோட்டார் இந்த ரெண்டு கட்சியிலயும் இல்லைங்கறதுதான் விஷயம்.

இப்ப கணக்கு. 10 கேவிஏ, 415 வோல்ட் மோட்டார் ஒண்ணு. அதன் சொந்த அளவுல ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸ் 0.04, ரோட்டர் 0.035, ரெண்டு பக்கமும் லீக்கேஜ் 0.08, மேக்னடைசிங் ரியாக்டன்ஸ் 2.0. பாடப்புத்தகத்துல இருக்குற அதே சாதாரண சர்க்யூட். தாங்க வேண்டிய டார்க் 0.75, மாறாம நிக்குதுன்னு வெச்சுக்கறேன். முழு ஓல்டேஜ்ல இந்த மோட்டார் எடுக்குறது 7.9 கிலோவாட், 5.6 கேவிஏஆர், 13.4 ஆம்பியர்.

ஓல்டேஜை 80 சதவீதமாக் குறைங்க, அதாவது 332 வோல்ட். 8.0 கிலோவாட், 4.5 கேவிஏஆர், 16 ஆம்பியர். கவனிச்சீங்களா? கிலோவாட் குறையலை, ஒரு நூல் ஏறியிருக்கு. கேவிஏஆர் மட்டும் இறங்கியிருக்கு, ஏன்னா காந்தப்புலத்துக்குப் போறது ஓல்டேஜோட வர்க்கத்துல குறையுது. 70 சதவீதத்துக்கு வாங்க: 8.2 கிலோவாட், இன்னும் அதே 4.5 கேவிஏஆர், 18.6 ஆம்பியர். காந்தப்புலத்துல மிச்சமானதை லீக்கேஜ் சாப்பிட ஆரம்பிச்சாச்சு. 60 சதவீதத்துல 8.7 கிலோவாட், 5.7 கேவிஏஆர், 24 ஆம்பியர். ரியாக்டிவ் பவர் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து அதையும் தாண்டிடுச்சு. 57 சதவீதத்துக்குக் கீழ மோட்டாரால முடியலை. நின்னுடுது. நின்ன மோட்டார் 55 சதவீத ஓல்டேஜ்ல 44 ஆம்பியர் இழுக்குது, 16 கேவிஏஆர் கேட்குது. ஒரு சொட்டுத் தண்ணி வராது.

இந்தக் கோட்டை வரைஞ்சு பாருங்க. கிலோவாட் கிட்டத்தட்ட படுத்துக்கிட்டு இருக்கும். கேவிஏஆர் ஒரு கிண்ணம் மாதிரி இறங்கி ஏறும், அப்புறம் செங்குத்தா எகிறும். இதை எந்த ஒற்றை மாறிலியிலயும் அடைக்க முடியாது. "0.8 பவர் ஃபேக்டர்"ங்கறது இன்னொரு காமெடி. என் மோட்டாருக்கு முழு ஓல்டேஜ்ல 0.82 இருக்குறது, 80 சதவீத ஓல்டேஜ்ல 0.87 ஆகுது. குறைஞ்ச ஓல்டேஜ்ல பவர் ஃபேக்டர் நல்லாயிடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, காயில் கருகிக்கிட்டு இருக்கு. கரண்டோட வர்க்கம் 43 சதவீதம் கூடியிருக்கு இல்லையா, அந்த அளவு சூடு ஸ்டேட்டர்ல கூடும்.

இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் இல்லைங்க. இழப்பைப் பாருங்க. அதே 80 சதவீத ஓல்டேஜ்ல, ஹீட்டர்னு நினைச்சுக் கணக்குப் போட்டா கரண்ட் 80 சதவீதம், லைன் இழப்பு 64 சதவீதமா குறையுதுன்னு வரும். மோட்டாரை மோட்டாராப் போட்டா இழப்பு 143 சதவீதமா ஏறுது. ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது. ரெண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம். இதுல "தோராயமா சரியா இருக்கும்"னு சொல்றதுக்கு என்ன இருக்கு?

இது யாரைச் சுடும்? தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கும் மேல விவசாய இணைப்பு இருக்கு. 1990-லேருந்து இலவச மின்சாரம், பெரும்பாலானதுக்கு மீட்டர் கிடையாது. துணைமின் நிலையத்துல எவ்வளவு கிளம்புச்சுன்னு தெரியும். மீட்டர் உள்ள வீடு, கடை, ஆலை எவ்வளவு எடுத்துச்சுன்னு தெரியும். மிச்சம் இருக்குறதை விவசாயம், கம்பியில போற இழப்பு, திருட்டுன்னு மூணா பங்கு போடணும். கம்பி இழப்பை லோடு ஃப்ளோதான் சொல்லுது. அது குறைச்சுச் சொன்னா, அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஆவியாகாது. "விவசாயி அதிகமா எடுத்துட்டான்" அல்லது "கொக்கி போட்டுட்டான்" கணக்குல போய் உட்காரும். எவனோ ஒருத்தன் மெனுவுல தப்பான ஆப்ஷனை அமுக்கினதுக்கு, கிணத்து மேட்டுல நிக்குறவன் திருட்டுப் பட்டம் வாங்குறான்.

அது மட்டுமா? நான் பார்த்த ஒரு ரிப்போர்ட்டுல (யார் போட்டதுன்னு சொல்லப் போறதில்லை, அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க) கடைசி ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஓல்டேஜ் 0.92-ன்னு பச்சைக் கலர்ல போட்டு "திருப்திகரம்"னு எழுதியிருந்துச்சு. அந்த இடத்துல ஸ்டார்ட்டர் பெட்டியில இருக்குற மீட்டர் முள்ளு சாயங்காலம் 340-க்குப் பக்கத்துல ஆடும். 340-ஐ 415-ஆல வகுத்தா 0.82. முள்ளு பொய் சொல்லுதுன்னாங்க. வோல்ட்மீட்டர் பொய் சொல்லும், சரி. ஊர்ல இருக்குற எல்லா வோல்ட்மீட்டரும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்லுமா? புது ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு எழுதின மனு "தேவையில்லை"ன்னு திரும்பி வந்ததுக்குக் காரணம் அந்தப் பச்சைக் கலர் கட்டம்தான்.

எப்படி அப்படி ஒரு நம்பர் வருதுன்னு துருவினா சுவாரசியமா ஒரு விஷயம் கிடைக்கும். ஓபன்டிஎஸ்எஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம், அருமையானது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதுல லோடைப் போட்டா இயல்பா மாறா பவர் மாடல். ஆனா அந்த மாடல் செல்லுபடியாகும் குறைந்தபட்ச ஓல்டேஜ்னு ஒரு அமைப்பு இருக்கு, நீங்க தொடாம விட்டா அது 0.95. அதுக்குக் கீழ ஓல்டேஜ் போனா சாஃப்ட்வேர் சத்தமில்லாம மாறா பவரை விட்டுட்டு மின்மறுப்பு பக்கம் சாய்ஞ்சிடும். எழுதினவங்க மேல குத்தம் இல்லை, மேனுவல்ல தெளிவாப் போட்டிருக்காங்க. ஓல்டேஜ் 0.95-க்குக் கீழ போறதே அதிசயமா இருக்குற ஊருக்கு அது நியாயமான ஏற்பாடு. நம்ம ஊர் விவசாய ஃபீடர்ல 0.95-க்குக் கீழதான் வாழ்க்கையே! அங்க பம்புசெட்டு எல்லாம் இருந்தாப்புல இருந்து பாதி ஹீட்டரா மாறிடும், ஓல்டேஜ் நல்லாத் தெரியும், கட்டம் பச்சையாகும். இதே சாஃப்ட்வேர்ல மூணாம் நம்பர் மாடல்னு ஒண்ணு இருக்கு: கிலோவாட் மாறாது, கேவிஏஆர் ஓல்டேஜின் வர்க்கத்துல மாறும். "மோட்டார் மாதிரி"ன்னு மேனுவல்லயே எழுதி வெச்சிருக்காங்க. அந்த எல்லையை 0.7-க்கு இறக்கி, மாடல் நம்பரை 3-ன்னு மாத்த ரெண்டு வார்த்தை டைப் பண்ணணும். ரெண்டே வார்த்தை. (மூணாம் மாடலும் 80 சதவீதத்துக்குக் கீழ கேவிஏஆரைக் குறைச்சுக் காட்டும், கிண்ணத்தோட அடிப்பகுதி அதுக்குத் தெரியாது. ஆனாலும் ஹீட்டருக்கு எவ்வளவோ மேல்.)

இப்ப எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"மோட்டார் டேட்டா இல்லையே, என்ன செய்யறது?" இது முதல் ஜல்லி. டேட்டா இல்லைன்னு சொல்ற அதே வாயால 0.8 பவர் ஃபேக்டர்னு எங்கே இருந்து கொண்டுவந்தீங்க? அதுவும் ஊகம்தானே. நான் மேல போட்ட அஞ்சு எண்ணும் பாடப்புத்தகம் படிச்சவன் எவனும் ஊகிக்கக் கூடியது. அதுல 20 சதவீதம் முன்னபின்ன மாத்திப் பாருங்க, கோட்டோட வடிவம் மாறாது. ஹீட்டர்னு போட்டா வடிவமே தப்பு. ஒருத்தர் வயசு தெரியலைன்னா 40 இருக்கும்னு ஊகிக்கலாம், ஆள் இருக்குற இடத்துல மாட்டை எழுதலாமா?

"மாறா பவர் போட்டா மோசமான விடைதான் வரும், அது பாதுகாப்புப் பக்கம் நிக்குறது." இந்த வாதத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கணும், பாதி உண்மை இருக்கு. 80, 70 சதவீத ஓல்டேஜ்ல மாறா பவர் மாடல் கேவிஏஆரை நிஜத்தைவிட அதிகமாத்தான் காட்டும். ஆனா 60-க்குக் கீழ கதை திரும்பிடுது. மோட்டார் 16 கேவிஏஆர் கேட்கும்போது மாடல் 5.6-லயே நிக்கும். எங்க பாதுகாப்பு வேணுமோ அங்கதான் கைவிடும். அப்புறம், மிகையாச் சொல்றதுக்கும் ஒரு விலை இருக்கு. தேவையில்லாத இடத்துல கண்டன்சர் பேங்க் போட்டுட்டு, ராத்திரி பம்பு எல்லாம் நின்னப்புறம் ஓல்டேஜ் ஏறி வீட்டு பல்பு போகுதுன்னு புலம்பினா யார் பொறுப்பு?

இன்னொண்ணு சொல்லிடறேன், நேர்மையா இருக்கணும் இல்லையா. 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் லைன்ல படிக்கிறவங்க மாறா பவர் போட்டா நான் சண்டைக்கு வர மாட்டேன். அங்க நடுவுல ஓடும்போதே டேப் மாத்துற ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு. மேல ஓல்டேஜ் குறைஞ்சாலும் சில நிமிஷத்துல கீழ சரி பண்ணிடும், அதனால மேலேருந்து பார்த்தா லோடு மாறாத மாதிரிதான் தெரியும். கிராமத்துக் கம்பத்துல தொங்குற 63, 100 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்த வசதி கிடையாது. அங்க போற ஓல்டேஜ்தான் மோட்டாருக்கு. பெரிய லைன் புத்தகத்துல படிச்சதை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவர்றதுதான் வம்பு.

பெரிய லைன்காரங்களும் இந்தப் பாடத்தைச் சும்மா கத்துக்கலை. 1987 ஜூலை 23, டோக்கியோ. கடும் வெயில். மதிய உணவு இடைவேளை முடிஞ்சதும் தேவை நிமிஷத்துக்கு 400 மெகாவாட் வேகத்துல ஏறுச்சு. இருந்த கண்டன்சர் எல்லாம் போட்டும் ஓல்டேஜ் இறங்கிக்கிட்டே போய், 8,000 மெகாவாட் போச்சு, 28 லட்சம் இணைப்பு இருட்டு. ஓல்டேஜ் குறைஞ்சாலும் சக்தியைக் குறைக்காம கரண்டைக் கூட்டி இழுத்த ஏ.சி. இயந்திரங்களுக்கும் இதுல பங்கு இருந்துச்சுன்னு பின்னாடி எழுதினாங்க. 1996 ஆகஸ்ட் 10, அமெரிக்க மேற்குக் கரை. 75 லட்சம் பேருக்கு மின்சாரம் போச்சு. அப்புறம் அதே சம்பவத்தைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தா, கம்ப்யூட்டர் "எல்லாம் நல்லா இருக்கு, ஆட்டம் அடங்கிடும்"னுச்சாம்! நிஜத்துல ஆட்டம் பெருத்து சிஸ்டமே பிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. மாடல்கள்ல பல கோளாறு, லோடும் அதுல ஒண்ணு. அதுக்கப்புறம்தான் அந்தப் பகுதி முழுக்க லோடுல 20 சதவீதம் இண்டக்‌ஷன் மோட்டார்னு போட்டே ஆகணும்னு இடைக்கால விதி கொண்டுவந்தாங்க. துல்லியமான எண் இல்லை அது, ஒரு தோராயம். ஆனா "டேட்டா இல்லை"ன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்காரலை பாருங்க.

கடைசி வாதம், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏத்துறது: "மோட்டார் மாடல் போட்டா கணக்கு கன்வெர்ஜ் ஆகலை சார்." அய்யா, அது நல்ல சேதி இல்லையா? முதல்ல உங்க இன்புட்ல தப்பு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, இவ்வளவு மோட்டாரை இந்தக் கம்பி தாங்காதுன்னு கணக்கு உங்ககிட்ட கெஞ்சி சொல்லுது. காய்ச்சல் காட்டுற தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணில முக்கி எடுத்துட்டு "98.4, நார்மல்"னு எழுதுற வேலைதான் மோட்டாரை ஹீட்டரா மாத்துறது.

செய்யறதும் கஷ்டம் இல்லை. ஒவ்வொரு சுற்றுலயும் அந்த இடத்து ஓல்டேஜை எடுத்துக்கங்க. அந்த ஓல்டேஜ்ல தேவையான டார்க்குக்கு ஸ்லிப் என்னன்னு பாருங்க, அது ஒரு இருபடிச் சமன்பாடு, பத்தாம் வகுப்பு சமாச்சாரம். ஸ்லிப் கிடைச்சா கிலோவாட்டும் கேவிஏஆரும் கிடைச்சாச்சு, அதை அடுத்த சுற்றுக்குக் கொடுங்க. வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வந்தா? பயப்படாதீங்க, அந்த மோட்டார் நின்னுடுச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் அதை மின்மறுப்பாப் போடுங்க, ஓடுற மோட்டாரோட மின்மறுப்பு இல்லை, பூட்டிக்கிட்ட ரோட்டரோட மின்மறுப்பு, அதுல ஆறுல ஒரு பங்குதான் இருக்கும். மேல இருக்குற எண்கள் எல்லாம் நான் ஒரு விரிதாள்ல இப்படித்தான் எடுத்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும்.

எத்தனை மோட்டார் ஒரே நேரத்துல ஓடும்ங்கறதுலயும் நம்மாளுங்க புத்தகத்தைப் பார்த்து 0.6-ன்னு போட்டுடறாங்க. முறை வெச்சு மும்முனை மின்சாரம் விடுற இடத்துல அது எப்படி 0.6 ஆகும்? கரண்ட் வந்த நிமிஷம் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட அத்தனை மோட்டாரும் ஒண்ணாக் கிளம்பும். ஒவ்வொண்ணும் ஓடும்போது எடுக்குறதைப் போல அஞ்சாறு மடங்கு இழுத்துக்கிட்டு. அந்த சில வினாடி ஓல்டேஜ் என்ன ஆகுதுன்னு தனியா ஒரு கணக்கு போட்டே ஆகணும், அதை நான் எந்த ரிப்போர்ட்டுலயும் பார்த்ததில்லை.

டிஸ்கி: என் கணக்குல இரும்பு இழப்பை விட்டிருக்கேன். டார்க் மாறாதுன்னும் எடுத்திருக்கேன். சுழல் பம்புக்கு வேகம் குறைஞ்சா டார்க்கும் வர்க்கத்துல குறையும், அதனால நிஜ மோட்டார் 57-ஐ விடக் கொஞ்சம் கீழ வரைக்கும் தாக்குப்பிடிக்கும், வேகம் குறையறதுக்கு ஏத்த மாதிரி தண்ணியும் குறையும். இன்வெர்ட்டர் வெச்ச ஏ.சி., டிரைவ் போட்ட ஆலை மோட்டார் எல்லாம் வேற ஜாதி. அதுங்க நிஜமாவே மாறா பவர், ஓல்டேஜ் ரொம்ப இறங்கினா நின்னு அடம் பிடிக்காம தானாக் கழண்டுக்கும். அதையும் இந்தக் கிணத்து மோட்டாரோட ஒரே மூட்டையில கட்டிடாதீங்க.